வலையும் கண்ணும்: கொங்குச் சமண வரலாற்றில் ஒரு பின்னல்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் பெரியநாயக்கன்பாளையம். தி. சு. அவினாசிலிங்கம் 1930-ஆம் ஆண்டில் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும், 1962-இல் தோன்றி நூற்பாலை இயந்திரங்களை உருவாக்கிவரும் இலட்சுமி மெஷின் ஒர்க்ஸ் ஆலையும் இவ்வூரின் பெயரைப் பலரும் அறியச் செய்தன. இவற்றுக்கெல்லாம் பின்னால் நிற்பது குருடிமலை. அம்மலைச் சரிவுகளில் பொழியும் மழை சிறு சிறு ஓடைகளாக இறங்கிக் கௌசிகை ஆறாகிறது. கௌசிகை நொய்யலில் கலக்கிறது. நொய்யல் கொடுமணலைக் கடந்து காவிரியை அடைகிறது. நிலத்தின்மேல் விரித்த வலையின் இழைகளைப் போன்றவை இந்நீர்வழிகள்.

இந்நீர்வழியையொட்டிக் கிழக்கே செல்வோர்க்குக் கொங்குச் சமணத்தின் பழைய இடங்கள் ஒவ்வொன்றாக எதிர்ப்படும். அரச்சலூர்க் குகை, விசயமங்கலத்துச் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயம், பவணந்தி முனிவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சீனாபுரம் ஆகியன அவற்றுள் சில. தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்று பெரும்பாலும் தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் வாழ்கின்றன. கொங்கில் எஞ்சி நிற்பவை கல்லும் சொல்லுமே. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துக் காண ஓர் இழை தேவைப்படுகிறது. வலை என்னும் வடிவத்தையே அவ்விழையாகக் கொண்டு நோக்குகிறது இக்கட்டுரை.

வலை என்றதும் வேடனும் பரதவனும் நினைவுக்கு வருகின்றனர். பறவையையும் விலங்கையும் மீனையும் சிக்கவைக்கும் கருவி அது. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமையைத் தலையாய அறமாகக் கொண்ட மரபு, இவ்வடிவத்தை எவ்வாறு எதிர்கொண்டது? விலக்கியதா, வேறொன்றாக மாற்றியதா?

இலையும் அடையும்

மனிதன் முதல் வலையைப் பின்னுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே இயற்கை வலை பின்னியது. அரசமரத்து இலையொன்றைச் சில வாரங்கள் நீரில் ஊறவைத்தால் பசுமைப் பகுதி அழுகிக் கழன்றுவிடும். எஞ்சுவது மெல்லிய நரம்புகளின் வலை. இவ்வாறு பதப்படுத்திய அரச இலையின்மேல் ஓவியம் தீட்டுவது இந்தியக் கைவினைகளுள் ஒன்று. நெல், கரும்பு முதலிய ஒருவித்திலைத் தாவரங்களின் நரம்புகள் பெரும்பாலும் இணையாக ஓடும். அரசு, ஆல், மா போன்ற இருவித்திலைத் தாவரங்களிலோ நரம்புகள் கிளைத்துக் கிளைத்து மீண்டும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். அருகக் கடவுளுக்கு நிழல் தரும் பிண்டி மரமாகிய அசோகின் இலையும் இவ்வகையினதே.

கிளைத்த நரம்புகள் மீண்டும் கூடுவது எதற்காக? நீரைக் கொண்டு செல்வது மட்டுமே நோக்கமாயின் கிளைகள் பிரிந்து சென்றாலே போதும். அவற்றை மறுபடி இணைப்பது வீண் செலவு. 2010-ஆம் ஆண்டில் இயற்பியல் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். பூச்சி கடித்தோ வேறு காரணத்தாலோ ஒரு நரம்பு அறுபட்டால், நீர் பக்கத்து வழியாகச் சுற்றிச் சென்று இலையின் எஞ்சிய பகுதியைக் காக்கிறது. ஒரே தண்டை நம்பிய கிளை அத்தண்டு முறிந்ததும் வாடிவிடும். வலையில் ஓர் இழை அறுந்தாலும் பிற இழைகள் சுமையைத் தாங்கிக்கொள்கின்றன. இச்செய்தி கட்டுரையின் இறுதியில் வேறொரு பொருளில் மீண்டும் தேவைப்படும்.

தேனடை இயற்கையின் மற்றொரு வலை. அதன் அறைகள் அறுகோண வடிவின. சம பரப்புள்ள அறைகளாக ஒரு தளத்தைப் பிரிப்பதற்குக் குறைந்த அளவு சுவரே தேவைப்படும் வடிவம் அறுகோணம்தான் என்று உரோமானிய அறிஞர் வர்ரோ கி.மு. முதல் நூற்றாண்டிலேயே கருதினார். அதைக் கணித முறையில் முழுமையாக நிறுவியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் தாமஸ் ஹேல்ஸ், ஆண்டு 1999. இடையில் கழிந்தவை இரண்டாயிரம் ஆண்டுகள்.

கணித அறிஞர் அடையின் சுவரைக் கண்டனர். சமண ஆசான்களோ அறைக்குள் இருப்பதைக் கண்டனர். அடையின் அறைகளுள் தேன் மட்டும் இல்லை. முட்டைகளும் புழுக்களும் உள்ளன. அடையைப் பிழியும்போது அவ்வுயிர்கள் மாய்கின்றன. இல்லறத்தார் கள்ளும் ஊனும் விலக்குவதோடு தேனையும் விலக்க வேண்டும் என்று சமந்தபத்திராசாரியார் தம் இரத்தினகரண்டகத்தில் வகுத்தமைக்குக் காரணம் இதுவே. அந்நூலின் கருத்துகளைத் தமிழில் தருவது அருங்கலச்செப்பு. மலைத்தேனை மருந்தென்றும் விருந்தென்றும் போற்றிய குறிஞ்சி நிலத்தை அடுத்து வாழ்ந்த கொங்குச் சமணர்க்கு இவ்விலக்கு எளிதாக இருந்திராது. கையெட்டும் தூரத்தில் இனிமை தொங்கிக்கொண்டிருக்க, அதன் ஒவ்வோர் அறையும் ஓர் உயிரின் இல்லம் என்று எண்ணி ஒதுங்கும் பயிற்சி அது.

கண் என்னும் சொல்

தமிழில் வலையின் துளைக்குப் பெயர் கண். வலைக்கண் என்கிறோம், சல்லடைக்கண் என்கிறோம். சுவரில் ஒளியும் காற்றும் புகுவதற்காக அமைத்த துளைத்தொகுதிக்குப் பலகணி என்று பெயர். பல கண்களை உடையது என்பது அதன் பொருள். காற்று வரும் வழி என்ற பொருளில் காலதர் என்ற சொல்லும் உண்டு. சாலம் என்ற சொல் வலையையும் குறிக்கும், பலகணியையும் குறிக்கும். சாலகம், சாலேகம் என்பன அதன் வழிவந்தவை. வடமொழியில் பலகணிக்கு வழங்கும் கவாட்சம் என்னும் சொல் பசுவின் கண்ணைச் சுட்டுவது. ஆங்கிலத்தில் சன்னலைக் குறிக்கும் விண்டோ என்ற சொல்லும் காற்றின் கண் எனப் பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நிலங்களில் வாழ்ந்த மக்கள் துளையைக் கண்ணாகவே கண்டிருக்கின்றனர்.

இளங்கோவடிகள் பாடிய சிலப்பதிகாரம் பூம்புகாரின் மாளிகைகளை வருணிக்கையில், அவற்றின் காலதர்கள் மானின் கண்களைப் போலத் துளைக்கப்பட்டிருந்தன என்கிறது. வேடனின் வலையில் படுவது மான். அம்மானின் கண்ணையே வடிவமாகக் கொண்டு, வீட்டுக்கு ஒளி தரும் வலையைத் தச்சன் செய்திருக்கிறான். பிடிக்கும் வலையும் ஒளி புகவிடும் வலையும் ஒரே வடிவத்தின் இரு பயன்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

பட்டியில் அடைபட்ட உயிர்கள்

வலையைப் பற்றிய சமணச் சிந்தனையின் நடுவில் நிற்பது இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதரின் வரலாறு. இளவரசர் நேமி, இராசமதியை மணப்பதற்காகத் தேரில் ஊர்வலமாகச் செல்கிறார். வழியில் விலங்குகளின் ஓலம் கேட்கிறது. வேலியிட்ட பட்டியில் அவை அடைபட்டு நிற்கின்றன. மணவிருந்துக்காக அடைத்து வைக்கப்பட்டவை என்று தேர்ப்பாகன் உரைக்கிறான். தம் பொருட்டு இத்தனை உயிர்கள் மடிவதா என்று உள்ளம் கலங்கிய நேமி அவற்றை விடுவிக்கச் செய்கிறார். மணக்கோலம் களைந்து ஊர்ச்சயந்த கிரியாகிய கிர்நார் மலைக்குத் துறவியாகச் செல்கிறார்.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்றுண்டு. வேலியை அமைத்தவர்கள் அதை வெளியிலிருந்தே பார்த்தனர். அவர்களுக்கு அது விருந்துக்கான ஏற்பாடு. நேமியோ வேலியின் இடைவெளிகளில் தெரிந்த கண்களைப் பார்த்தார். உள்ளேயிருந்து நோக்கும்போது அதே வேலி மரணமாகத் தெரிகிறது. போளூரை அடுத்த திருமலையில் பாறையில் செதுக்கப்பட்டு, சிகாமணிநாதர் என்று வணங்கப்படும் நேமிநாதரின் திருவுருவம் ஏறக்குறைய 16 அடி உயரம் உடையது. தமிழகத்துச் சமணத் திருவுருவங்களுள் மிகப் பெரியதாகப் போற்றப்படுவது. தமிழ்ச் சமணர் நேமிநாதரிடம் கொண்ட ஈடுபாட்டுக்கு அவ்வுருவம் சான்று.

நெய்யரியும் நீர்வடிதுணியும்

கொங்கு நாடு தமிழுக்கு வழங்கிய பெருங்கொடைகளுள் ஒன்று நன்னூல். கங்கர் குலத்துச் சீயகங்கன் வேண்டியதற்கு இணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய இலக்கணம் அது. முனிவரின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது கொங்கு மரபு. நூலின் பாயிரப் பகுதியில் மாணாக்கரை மூவகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் உவமை கூறுவார். அன்னமும் பசுவும் முதல் மாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடை மாணாக்கர்க்கும் உவமைகள். கடை மாணாக்கர்க்கு ஓட்டைக் குடம், ஆடு, எருமை ஆகியவற்றோடு நெய்யரியும் உவமையாகிறது.

நெய்யரி என்பது பன்னாடை என்று உரைகாரர் விளக்குவர். தென்னை, பனை ஆகியவற்றின் மட்டைகளின் அடியில் இயற்கையே நெய்து வைத்த நார்வலை பன்னாடை. தோப்புகள் நிறைந்த கொங்கு நாட்டில் அதை அறியாதார் இல்லை. நெய்யையும் பதநீரையும் வடிகட்ட அதைப் பயன்படுத்தினர். நெய்யைக் கீழே போகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும் இயல்புடையது அது. நல்லதை விட்டு அல்லதைப் பற்றும் மாணாக்கனுக்கு வேறென்ன உவமை வேண்டும்? மரத்தடியில் கிடக்கும் ஒரு பொருளைக் கொண்டு கல்வியின் இயல்பை விளக்கிய முனிவரின் கூர்மை எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் பவணந்தியார் வாழ்ந்த அதே சமயத்தின் இல்லங்களில் இன்னொரு வடிகட்டியும் நாள்தோறும் பயன்பட்டது. அது நீர்வடிதுணி. கிணற்று நீரை இருமடியாக மடித்த துணியில் வடித்த பின்னரே பருக வேண்டும் என்பது இல்லறத்தார்க்குரிய ஒழுக்கம். வடித்த பின் துணியை உதறி எறிவதில்லை. அதில் தங்கிய சிற்றுயிர்கள் மாயாதபடி நீர் விட்டு அலசி, எந்த நீர்நிலையிலிருந்து எடுத்தனரோ அதே நீர்நிலையில் மெல்லச் சேர்த்துவிடுவர். நெய்யரியில் தங்குவது கசடு. நீர்வடிதுணியில் தங்குவது உயிர். வலை ஒன்றே ஆயினும் இங்கே அது பிடிப்பது கொல்வதற்காக அன்று, திரும்ப விடுவதற்காக.

பழமக்களின் வழக்கம் என்று எளிதாக ஒதுக்கப்பட்ட இச்செயலை நவீன அறிவியலும் வேறொரு திசையிலிருந்து வந்தடைந்தது. வங்கதேசத்தின் மத்லாப் பகுதியில், அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் ரீட்டா கோல்வெல்லும் அவருடைய குழுவினரும் 65 சிற்றூர்களில் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். குளத்து நீரைப் பழைய பருத்திச் சேலையில் பல மடிப்பாக மடித்து வடிகட்டிப் பருகுமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். காலரா நோய் ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தது என்று 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். காலராக் கிருமிகள் நீரில் மிதக்கும் நுண்ணிய மிதவை உயிரிகளோடு ஒட்டி வாழ்கின்றன. மடித்த துணி அம்மிதவை உயிரிகளைத் தடுத்து நிறுத்துகிறது. புதுச்சேலையினும் பழஞ்சேலையே சிறந்தது. பலமுறை துவைத்த நூல் இளகிப் பரந்து, துணியின் கண்களைச் சிறிதாக்கிவிடுகிறது. மடித்த பழந்துணியின் கண் ஏறக்குறைய 20 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு.

சமண இல்லத்தார் துணியை மடித்தது நீரிலுள்ள உயிரைக் காக்க. அறிவியலார் துணியை மடித்தது பருகுவோரின் உயிரைக் காக்க. நோக்கம் வேறாயினும் செயல் ஒன்றே. வினை உயிரை வந்தடைவதை ஊற்று என்றும், அவ்வரவைத் தடுப்பதைச் செறிப்பு என்றும் தமிழ்ச் சமண நூல்கள் கூறும். துணியின் கண்களை மடிப்பினால் செறிவாக்கும் கைகளுக்கு அத்தத்துவச் சொல் புதிராகத் தோன்றியிராது.

தாசோஜனின் பலகணி

கொங்கு நாட்டின் வடக்கெல்லையில் மலை ஏறினால் கங்கநாடு. சமணக் கங்கர் ஆட்சி கொங்கிலும் பரவியிருந்தது. அத்தொடர்பின் அழியாத சான்று விசயமங்கலத்தில் உள்ளது. உள்ளூர் மக்கள் நெட்டைக்கோபுரம் என்று வழங்கும் அவ்வாலயத்துத் தூணில், சாமுண்டராயரின் தங்கை புள்ளப்பை சல்லேகனை நோற்று உயிர்துறந்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. சிரவணபெளகொளாவின் விந்தியகிரியில் கோமடேசுவரரின் பேருருவத்தை 981-ஆம் ஆண்டளவில் எடுப்பித்த அதே சாமுண்டராயர் இவர். அண்ணன் வானளாவிய சிலையால் அறியப்படுகிறார். தங்கை கொங்கின் ஒரு தூணில் சில வரிகளால் அறியப்படுகிறார்.

விந்தியகிரிக்கு எதிரே உள்ள சிறிய குன்று சந்திரகிரி. அங்கே சாமுண்டராயர் பெயரில் ஒரு பசதியும், சந்திரகுப்தர் பெயரில் ஒரு பசதியும் உள்ளன. சந்திரகுப்த பசதியின் முகப்பில் கல்லில் துளைத்த பலகணிகள் அமைந்துள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இவ்வேலைப்பாட்டில் தாசோஜன் என்னும் சிற்பியின் பெயர் காணப்படுகிறது. பலகணியின் துளைகளுக்கு இடையே சிறு சிறு சதுரங்களாக 90 சிற்பக் காட்சிகள் உள்ளன. சுருதகேவலி பத்திரபாகுவும் மௌரியப் பேரரசர் சந்திரகுப்தரும் வடநாட்டிலிருந்து தெற்கே வந்த வரலாற்றை அவை கூறுகின்றன.

இவ்வரலாறு தமிழ்ச் சமணர்க்கு அயலார் கதையன்று. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரும் என்று உணர்ந்த பத்திரபாகு, தம் முனிவர் கூட்டத்தோடு தெற்கே வந்தார். சந்திரகிரியில் தாம் தங்கி, விசாகாசாரியாரின் தலைமையில் மற்றையோரைச் சோழ பாண்டிய நாடுகளுக்கு அனுப்பினார் என்பது மரபு. கன்னட மலைநாட்டிலிருந்து தமிழகத்துக்கு இறங்கும் வழிகளுள் கொங்கு வழி முதன்மையானது. கல்லின் துளைகள் ஒளியைக் கருவறைப் பக்கம் அனுப்புகின்றன. துளைகளுக்கு இடைப்பட்ட கட்டங்கள் கதையைக் காக்கின்றன. வேறொரு சுவரில் வெறும் அழகாக முடிந்திருக்கக்கூடிய சன்னல், இங்கே ஒரு சமுதாயத்தின் நினைவேடாக நிற்கிறது.

பாறையில் நெய்த எழுத்து

ஈரோட்டுக்குத் தெற்கே அரச்சலூர் மலையில் இயற்கைக் குகை ஒன்று உள்ளது. சமண முனிவர் உறைந்த இடமாகக் கருதப்படும் அக்குகையில் கற்படுக்கைகளும் தமிழி எழுத்துக் கல்வெட்டுகளும் காணப்படுகின்றன. அவற்றை ஆய்வுலகுக்கு அறிமுகம் செய்தவர் ஈரோட்டுக் கல்வெட்டறிஞர் புலவர் செ. இராசு. கி.பி. தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளுள் ஒன்று இந்திய இசை வரலாற்றாரையெல்லாம் ஈர்த்தது. வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகள். த, தை, தா என்றாற்போன்ற தாள ஒலிகள் கட்டம் கட்டமாக அமைந்துள்ளன. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் அதே ஒலிக்கோவையே வருகிறது.

தறியில் ஊடும் பாவும் சந்திப்பதைப் போல இக்கட்டத்தில் வரிசையும் நிரையும் சந்திக்கின்றன. ஒலியால் நெய்த வலை என்றே இதைச் சொல்லலாம். எழுத்துகளை இவ்வாறு புணர்த்தவன் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று அருகிலுள்ள கல்வெட்டு பெயர் கூறுகிறது. வண்ணக்கன் என்பான் நாணயமும் மணியும் நோட்டம் பார்ப்பவன். நொய்யலங்கரைக் கொடுமணலில் மணிகளுக்குப் பட்டை தீட்டிய தொழிற்கூடங்கள் இருந்தமையை அகழாய்வுகள் காட்டியுள்ளன. மணியின் நுண்ணிய குறையைக் கண்டறியப் பழகிய கண், எழுத்துகளை ஒன்றும் பிசகாமல் கோத்ததில் வியப்பில்லை. வணிகன் ஒருவன் தன் தொழிலின் கூர்மையைத் துறவியர் உறைந்த பாறைக்குக் காணிக்கையாக்கிச் சென்றிருக்கிறான்.

வாசற்கோலம்

கல்லில் நிலைத்தவை இவை. நாள்தோறும் அழிந்து நாள்தோறும் பிறக்கும் வலை ஒன்றும் தமிழ் இல்லங்களில் உண்டு. வாசல் தெளித்துப் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கம்பிகளால் பின்னப்படும் சிக்குக் கோலம் அது. தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் ஒற்றைக் கம்பி, எந்தப் புள்ளியையும் தொடாமல் எல்லாப் புள்ளிகளையும் தன்னுள் அணைத்துக்கொள்கிறது. இதன் உள்ளிலக்கணத்தை ஆராய்ந்தோர் தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோன்மணியும், அவருடன் பணியாற்றிய இராணி சிரோன்மணியும் கமலா கிருத்திவாசனும் ஆவர். கோலத்தையும் கணினி மொழிகளின் இலக்கணத்தையும் இணைக்கும் அவர்களது ஆய்வுக்கட்டுரை 1974-இல் வெளிவந்தது. வாசலில் குனிந்து கோலமிட்ட பெண்களின் விரல்கள் அறிந்திருந்த விதிகளைக் கணிதம் பின்னர் எழுதிக்கொண்டது.

கோலம் வெறும் அணி அன்று. பச்சரிசி மாவினால் இட்ட கோலம் எறும்புக்கும் குருவிக்கும் உணவாயிற்று. வலையில் உயிர்கள் வந்து சேர்கின்றன. ஆனால் சிக்குவதற்கு அல்ல, உண்டு செல்வதற்கு. மாலைக்குள் வலை தேய்ந்துபோகும், உண்ட உயிர்கள் எஞ்சும். இன்று பெரும்பாலான வாசல்களில் அரிசி மாவின் இடத்தைக் கல்மாவு பிடித்துவிட்டது. கோடு பளிச்சென்று தெரிகிறது. நாள் முழுவதும் அழியாமலும் இருக்கிறது. எறும்பு மட்டும் வருவதில்லை. வடிவம் அப்படியே இருக்க அதன் அறம் கழன்று போவது எப்படி என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு. பூசையின்போது அட்சதையால் சுவத்திகம் இட்டு, நான்கு கதிகளையும் மும்மணிகளையும் நினைந்து வணங்கும் சமண இல்லங்கள், வாசற்கோலத்தையும் அரிசி மாவினாலேயே இடுவது பழைய பொருளை மீட்பதாகும்.

ஏட்டில் விழுந்த கண்கள்

இயற்கை பின்னும் வலைகளுள் இழப்பைத் தருவதும் ஒன்றுண்டு. ஓலைச்சுவடிகளைச் செல்லும் புழுவும் அரித்தால் ஏடு முழுதும் கண் கண்ணாகத் துளை விழுந்து, எழுத்தினும் துளை மிகுந்துவிடும். கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை உ. வே. சாமிநாதையர் 1924-இல் பதிப்பித்தபோது, அக்காப்பியத்தின் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. கொங்கு மண்ணில் பிறந்த சமணப் பெருங்காப்பியம் இன்றும் தலையும் காலும் இன்றியே படிக்கப்படுகிறது.

சீவக சிந்தாமணியின் நிலை வேறு. 1887-இல் சாமிநாதையர் அதைப் பதிப்பித்தபோது சுவடிகள் பல கிடைத்தன. சொற்பொருள் விளங்காத இடங்களில் சமயக் கருத்துகளைக் கும்பகோணத்துச் சமண இல்லத்தார் விளக்கியுதவினர். அவர்கள் இல்லங்களில் அந்நூல் தொடர்ந்து படிக்கப்பட்டு வந்தது. சாத்திர தானத்தை நால்வகைத் தானங்களுள் ஒன்றாகப் போற்றிய மரபு, நூல்களைப் படியெடுத்து முனிவர்க்கும் மடங்களுக்கும் இல்லங்களுக்கும் வழங்கிவந்தது. ஓரிடத்து ஏடு சிதைந்தால் வேறோரிடத்து ஏடு காத்தது. இலை நரம்பைப் பற்றி ஆய்வாளர் கண்ட உண்மை இதுவே: பல வழிகள் கூடிப் பிணைந்த இடத்தில் ஒரு வழி அறுந்தாலும் நீர் நிற்பதில்லை. சிந்தாமணிக்கு வழிகள் பலவாக இருந்தன. பெருங்கதைக்கு அவை ஒவ்வொன்றாக அறுந்தன.

கொங்குச் சமணத்தின் இன்றைய நிலையும் பெருங்கதையின் சுவடியைப் போன்றதே. விசயமங்கலத்தின் தூண் நிற்கிறது. அதன் நிழலில் வாழ்ந்த சமணச் சேரி இல்லை. அரச்சலூரின் எழுத்து இருக்கிறது. அதைக் காண ஏறிச் செல்வோர் சிலரே. நன்னூலைத் தமிழுலகம் முழுவதும் பயில்கிறது. பயில்வோருள் பலர் அதன் ஆசிரியர் சமண முனிவர் என்பதை அறியார். துளைகள் பெருகிவிட்டன. எனினும் முடிச்சுகள் இன்னும் உள்ளன. அவற்றைப் பிணைக்க வேண்டிய இழைகள் செஞ்சியிலும் வந்தவாசியிலும் ஆரணியிலும் காஞ்சியிலும் வாழும் குடும்பங்களிடம் இருக்கின்றன. கோவைப் பகுதிக்குத் தொழில் நிமித்தம் வந்து குடியேறியோரிடமும் இருக்கின்றன.

விழா நாள்களில் திருமலைக்கும் மேல்சித்தாமூருக்கும் செல்லும் குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை விசயமங்கலத்துக்கும் அரச்சலூருக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். புள்ளப்பையின் பெயரைத் தூணின் முன் நின்று ஒருமுறை படித்துக் காட்டலாம். வீட்டில் எஞ்சியுள்ள சுவடியோ, பாட்டியார் கைப்பட எழுதிய தோத்திர ஏடோ இருப்பின் அதைப் படியெடுத்து மற்றொரு வீட்டில் வைக்கலாம். இவை பெரும் பொருள் வேண்டும் பணிகள் அல்ல. நேமிநாதர் வேலியினூடே கண்களைக் கண்டார். இல்லத்துப் பெண்கள் துணியின் கண்ணில் உயிரைக் கண்டனர். தாசோஜன் கல்லின் கண்களுக்கு இடையே வரலாற்றை வைத்தான். அவர்களுக்குப் பின் வந்தோர்க்கு உரிய வேலை, அறுந்த இடம் எதுவென்று பார்த்து அங்கே ஒரு முடிச்சிடுவதே.